சிறு விமானத்தில் எரிபொருள் நிரப்பும்போது நிலைமின்சாரத் தீயைத் தடுக்க: படிப்படியான முழு வழிகாட்டி

நான் வேலை பார்ப்பது மத்திய இந்தியாவில் ஒரு சின்ன ஓடுதளத்தில். பயிற்சி விமானங்கள்தான், பெரும்பாலும் செஸ்னா 152, 172. ஏவ்கேஸ் 100எல்எல் பெட்ரோல் 200 லிட்டர் பேரலில் வரும். கைப்பம்பு போட்டு இறக்கை டேங்கில் ஏற்றுவோம். புதிதாக வருகிற பிள்ளைகளுக்கு இந்த வேலையைச் சொல்லிக்கொடுக்கும்போது ஒன்றைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். கிளிப் மாட்ட வேண்டும் என்பது எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. எதை முதலில் மாட்டுவது, எதைக் கடைசியில் கழற்றுவது என்பதில்தான் தடுமாறுகிறார்கள். வரிசை மாறினால், காப்பாற்ற வேண்டிய கிளிப்பே பொறியை உண்டாக்கிவிடும்.

அதனால் இங்கே வரிசைக்குத்தான் அதிக இடம். உங்கள் விமானத்தின் கையேடோ எரிபொருள் நிறுவனத்தின் நடைமுறையோ வேறு விதமாகச் சொன்னால் அதன்படியே செய்யுங்கள்.

1. பொறி எங்கே விழுகிறது

எரிபொருள் குழாயில் ஓடும்போது சுவரோடு உராய்ந்து மின்னேற்றம் பெறுகிறது. வடிகட்டி வழியாகப் போகும்போது இது பல மடங்கு கூடும். அங்கே திரவம் எண்ணற்ற நுண்துளைகளைத் தொட்டுக்கொண்டு போகிறது. ஏவ்கேஸ் மின்சாரத்தை மிக மோசமாகக் கடத்தும் திரவம். ஏறிய மின்னேற்றம் சட்டென்று வடியாது, கொஞ்ச நேரம் அதிலேயே தங்கும்.

விமானமும் சும்மா நிற்பதில்லை. தூசிக்காற்றில் பறந்து வந்து ரப்பர் டயரில் நிற்கும் உலோக உடல் அது. ஏணியில் ஏறும் ஆள், பேரல், பம்பு என்று ஒவ்வொன்றும் தனித்தனி அளவில் மின்னேற்றத்தோடு இருக்கலாம். இரண்டு பொருளின் அளவு வேறுபட்டு, அவை நெருங்கும்போதோ பிரியும்போதோதான் பொறி பாய்கிறது.

இனி ஆவி. ஏவ்கேஸின் தீப்பற்றும் வெப்பநிலை, அதாவது பற்றும் அளவுக்கு ஆவி எழத் தொடங்கும் வெப்பநிலை, பூஜ்யத்துக்கும் கீழே, மைனஸ் 40 டிகிரி செல்சியஸ் வாக்கில். ஆக, நம் ஊர்ப் பருவம் எதுவானாலும் ஆவி இருந்துகொண்டே இருக்கும். மூடிய டேங்குக்குள் சாதாரண நாட்களில் ஆவி மிக அடர்த்தியாக இருப்பதால் எரிவதற்குப் போதிய காற்று இருக்காது. மூடியைத் திறந்ததும் வாய்க்கு அருகே ஆவியும் காற்றும் கலக்கின்றன. பெட்ரோல் ஆவி காற்றில் ஏறத்தாழ 1.4 முதல் 7.6 சதவீதம் வரை கலந்திருந்தால் பற்றும். அந்தக் கலவை கிடைப்பது டேங்க் வாயைச் சுற்றித்தான். பேரலின் வாயிலும் இதே கதைதான்.

அதைப் பற்றவைக்க எவ்வளவு வேண்டும்? சுமார் கால் மில்லிஜூல் போதும். நம் உடம்பு 3,000 வோல்ட் அளவுக்கு ஏறியிருந்தால், விரல் நுனியில் லேசாகச் சுருக்கென்று தெரியும், அவ்வளவுதான். அந்தச் சுருக்கில் இருப்பது சுமார் 0.7 மில்லிஜூல். நமக்குத் தெரிந்தும் தெரியாததுமாக இருக்கும் பொறியே தேவையானதைப் போல் ஏறக்குறைய மூன்று மடங்கு. ‘நான் ஷாக் எதுவும் உணரவில்லையே’ என்று யாராவது சொன்னால், அதை நம்பி மூடியைத் திறக்க முடியாது.

பின்னால் வரும் எல்லாப் படிகளும் இந்த ஒரு விதியிலிருந்து வருகின்றன: திறந்த வாய்க்கு அருகில் எந்த உலோகமும் முதன்முறையாகத் தொடவும் கூடாது, கடைசியாகப் பிரியவும் கூடாது. தொட வேண்டியவை மூடி திறக்கும் முன்பே தொட்டிருக்க வேண்டும். பிரிய வேண்டியவை மூடிய பிறகே பிரிய வேண்டும்.

2. பான்டிங் வேறு, எர்த் வேறு

இரண்டையும் ஒன்றாக நினைப்பதால் நிறையக் குழப்பம் வருகிறது. பான்டிங் என்றால் பேரல், பம்பு, நாசில் (ஹோஸின் முனையில் உள்ள ஊற்றுவாய்), விமானம் எல்லாவற்றையும் வயரால் ஒன்றோடொன்று இணைப்பது. இணைத்தபின் எல்லாம் ஒரே அளவில் இருக்கும்; இடையே பொறி பாய வழியில்லை. எர்த் என்றால் அந்தக் கூட்டத்தை மண்ணோடு இணைத்து மின்னேற்றத்தை வடித்துவிடுவது.

இரண்டில் உயிர் காப்பது பான்டிங். விமான எரிபொருள் நிரப்புதலுக்கான அமெரிக்காவின் என்எஃப்பிஏ 407 விதித்தொகுப்பே பான்டிங்கைக் கட்டாயமாக்குகிறது. எர்த்தை அப்படிக் கேட்பதில்லை. பேரலை மட்டும் எர்த் செய்துவிட்டு விமானத்தை விட்டுவிட்டால், இரண்டுக்கும் இடையில் உள்ள வேறுபாடு அப்படியே நிற்கும். நான் இரண்டையும் செய்யச் சொல்கிறேன். எர்த் கம்பி கொஞ்சம் சுமாராக இருந்தாலும் பயமில்லை. நிலைமின்சாரம் வடிய 10 லட்சம் ஓம் தடைகூடப் பெரிதில்லை. வயர் எங்காவது அறுந்திருப்பதுதான் பயப்பட வேண்டியது.

3. வேலைக்கு முன் தயாராக இருக்க வேண்டியவை

எர்த் கம்பி அல்லது தளத்தில் பதித்த எர்த் பாயின்ட். இரு முனையிலும் கிளிப் உள்ள பான்டிங் வயர் இரண்டு: ஒன்று எர்த்திலிருந்து பேரலுக்கு, மற்றது பேரலிலிருந்து விமானத்துக்கு. நாசிலோடு நிரந்தரமாகப் பொருத்திய சின்ன வயர் ஒன்று, அதன் முனையிலும் கிளிப். பேரல் மூடியைத் திறக்கப் பித்தளைச் சாவி. எரிபொருளுக்கென்றே செய்த, மின்சாரம் கடத்தும் ஹோஸ். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் பிவிசி குழாய் வேண்டவே வேண்டாம். 6 அல்லது 9 கிலோ டிசிபி பவுடர் தீயணைப்பான். அது பேரலுக்குப் பக்கத்தில் அல்ல, சில மீட்டர் தள்ளி, காற்று வரும் பக்கத்தில் நிற்கட்டும். பேரல் பற்றிக்கொண்டால் அதற்குள் கைவிட்டு எடுக்க முடியாது.

வயரை மல்டிமீட்டரில் பாருங்கள். ஒரு கிளிப் முதல் மறு கிளிப் வரை 10 ஓமுக்குள் இருக்க வேண்டும். நல்ல வயர் ஒரு ஓம்கூடக் காட்டாது. அறுவது எப்போதும் கிளிப்புக்கு ஒட்டின இடத்தில்தான், உறைக்குள்ளே. வெளியே பார்க்க முழுதாக இருக்கும். மீட்டரை வைத்துக்கொண்டே அந்த இடத்தை ஆட்டிப் பாருங்கள். எண் துள்ளினால் வயரை வெட்டிப் புதுக் கிளிப் போடுங்கள். உறையில்லாத கம்பியோ கண்ணாடிபோல் உள்ளே தெரியும் உறையோ இருந்தால் இந்தத் தொல்லை பாதி குறையும்.

அடுத்து, விமானத்தில் கிளிப் மாட்டும் இடம். இதை முன்கூட்டியே தேடி வையுங்கள். ஒரு முறை, புதிதாகப் பெயின்ட் அடித்து வந்த 172-இல், கயிறு கட்டும் வளையத்தில் பையன் ஒருவன் கிளிப்பை அழகாக மாட்டியிருந்தான். பார்க்க எந்தக் குறையும் இல்லை. மீட்டரின் ஒரு முனையைக் கிளிப்பிலும் மறு முனையை எக்ஸாஸ்ட் குழாயிலும் வைத்தேன். ஓஎல் என்று காட்டியது, அதாவது தொடர்பே இல்லை. வளையம் முழுக்கப் பெயின்ட். கிளிப்பின் பல் அதைத் துளைக்கவில்லை. அன்றுவரை அந்த விமானத்துக்கு எத்தனை முறை அப்படி நிரப்பினோமோ என்று நினைத்து எனக்கு வயிறு கலங்கியது.

செஸ்னாவில் எக்ஸாஸ்ட் குழாய் நல்ல இடம். அங்கே பெயின்ட் கிடையாது. இப்போதுதான் தரையிறங்கியிருந்தால் சுடும், ஆறவிடுங்கள். ஆன்டெனா, பிட்டாட் குழாய் (காற்றுவேகம் அளக்கும் குழாய்), புரொப்பல்லர் ஆகியவற்றில் மாட்டக் கூடாது. முதலிரண்டும் உடையும். புரொப்பல்லரில் கிளிப் பல் விட்ட கீறல் பின்னாளில் விரிசலாகலாம்.

4. இடம், விமானம், வானிலை

ஹேங்கருக்குள், அதாவது விமானக் கொட்டகைக்குள், நிரப்பாதீர்கள். ஏவ்கேஸ் ஆவி காற்றைவிடக் கனம். தரையோடு படர்ந்து மூலையில் தேங்கும். வெளியே காற்று அதை அள்ளிக்கொண்டு போய்விடும். 15 மீட்டருக்குள் நெருப்பு, வெல்டிங், புகை எதுவும் கூடாது.

இன்ஜின் நின்றிருக்க வேண்டும். மேக்னெட்டோ (இன்ஜினுக்குப் பொறி கொடுக்கும் கருவி), மாஸ்டர் ஸ்விட்ச் இரண்டும் ஆஃப். உள்ளே ஆள் யாரும் கூடாது. பேட்டரி சார்ஜில் இருந்தால் முதலில் சார்ஜரை நிறுத்திக் கழற்றுங்கள். இடி கேட்டால் வேலையை ஒத்திவையுங்கள். மின்னலை எந்த பான்டிங் வயரும் தாங்காது.

விமானத்தின் மேல் போர்த்திய நைலான் உறையை இழுத்து எடுப்பது, கண்ணாடியையோ இறக்கையையோ உலர்ந்த துணியால் துடைப்பது இரண்டுமே நல்ல அளவு மின்னேற்றத்தை உண்டாக்கும். இவற்றையெல்லாம் வயர் மாட்டும் முன்பே முடித்துவிடுங்கள். டேங்க் வாயைச் சுற்றித் தூசி இருந்தால் ஈரத்துணி.

காற்று வறண்டிருக்கும் நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஈரப்பதம் 30 சதவீதத்துக்குக் கீழே போகும்போது எல்லாப் பொருளிலும் மின்னேற்றம் தங்கிவிடும். எங்கள் பக்கம் குளிர்காலக் காலைப்பொழுதும் சித்திரை வெயிலும் அப்படித்தான். சென்னையிலோ கொச்சியிலோ வேலை பழகி வருகிறவர்களுக்கு இது பழக்கமில்லை. அங்கே கடல்காற்றின் ஈரமே பாதி வேலையைச் செய்துவிடும்.

5. ஆள், உடை

பருத்தி உடை போதும். பாலியெஸ்டர், நைலான், ஃப்ளீஸ் ஜாக்கெட் வேண்டாம். அதைவிட முக்கியம், எந்த உடையையும் நிரப்பும் இடத்தில் கழற்றவோ மாட்டவோ கூடாது. துணி உடம்பிலிருந்து பிரியும் அந்த நொடியில்தான் மின்னேற்றம் உடம்பில் தங்குகிறது.

ஒரு ஜனவரிக் காலை. மாணவன் ஒருவன் குளிருக்குப் போட்ட ஃப்ளீஸை ஏணியின் நடுப்படியில் நின்றுகொண்டே தலைவழியாகக் கழற்றிக் கீழே போட்டான். படபடவென்று சத்தம். அப்படியே கையை நீட்டி டேங்க் மூடியைப் பிடிக்கப் போனான். விரலுக்கும் மூடிக்கும் நடுவே ‘டிக்’ என்று ஒரு பொறி. கீழே நின்ற எனக்கே கேட்டது. மூடி இன்னும் திறக்கவில்லை, அதனால் ஒன்றும் ஆகவில்லை. திறந்திருந்தால் அவன் முகம் அந்த வாய்க்கு நேராக இருந்திருக்கும்.

அதனால் ஏணியில் ஏறியதும் முதல் வேலை, மூடியைத் திறக்கும் முன் வெறுங்கையால் டேங்க் வாயைச் சுற்றியுள்ள பெயின்ட் இல்லாத உலோகத்தைத் தொடுவது. பொறி வருவதாக இருந்தால் அப்போதே, ஆவி இல்லாத நேரத்தில் வந்துவிட்டுப் போகட்டும். கையுறை போட்டிருந்தால் கழற்றிவிட்டுத் தொடுங்கள். நடுவில் இறங்கிப் போய்விட்டு வந்தால் மறுபடியும் தொட வேண்டும். கார் சீட்டில் உட்கார்ந்து எழுந்தாலே உடம்பு மறுபடி ஏறிவிடும். கைப்பேசி கீழேயே இருக்கட்டும்.

6. மாட்டும் வரிசை

(அ) பேரலைத் தரையில் நிறுத்துங்கள். பிக்அப் வண்டியின் பிளாஸ்டிக் விரிப்பின் மேலோ மரப்பலகையின் மேலோ வைத்தபடி திறக்கக் கூடாது. தரையைத் தொடாத உலோகப் பேரல், மின்னேற்றத்தைச் சேர்த்துவைக்கும் குடம்போல.

(ஆ) வயரை முதலில் எர்த்தில் மாட்டி, பிறகு பேரலில் மாட்டுங்கள். மாற்றிச் செய்தால், பேரலில் மாட்டிய வயரின் மறுமுனையைக் கையில் பிடித்துக்கொண்டு நடக்கும்போது பேரலின் மின்னேற்றம் உங்கள் கைக்கு வந்துவிடுகிறது. பேரலின் விளிம்பில் கிளிப் பல் பெயின்டைக் கீறி இறங்கும்படி ஒரு முறை முறுக்கிவிடுங்கள்.

(இ) இரண்டாவது வயரைப் பேரலில் மாட்டி, மறுமுனையை விமானத்தில் மாட்டுங்கள். விமானம் சேகரித்துக்கொண்டு வந்த மின்னேற்றம் இங்கேதான் வடியும். பொறி விழுவதானால் இந்தக் கடைசிக் கிளிப்பில்தான் விழும். அப்போது பேரலும் மூடியிருக்கிறது, டேங்கும் மூடியிருக்கிறது. அதனால்தான் இந்தப் படி இந்த இடத்தில் வருகிறது. பலர் பேரலைத் திறந்து பம்பைப் பொருத்தி ஹோஸை நீட்டிய பிறகு, ‘அட, விமான வயர்’ என்று நினைவு வந்து மாட்டப் போகிறார்கள். அந்த நேரத்தில் பேரலின் வாயில் ஆவி வந்துகொண்டிருக்கும்.

(ஈ) இப்போது பித்தளைச் சாவியால் பேரலைத் திறந்து பம்பைத் திருகுங்கள். சின்ன மூடியையும் தளர்த்தினால்தான் காற்று உள்ளே போகும். பம்பின் மரையில் டெஃப்லான் டேப் சுற்றியிருந்தால் உலோகத் தொடர்பு குறையலாம். பேரலுக்கும் பம்புக்கும் மீட்டர் வைத்துப் பாருங்கள், சந்தேகம் இருந்தால் பம்பிலிருந்து பேரலுக்கு இன்னொரு சிறு வயர் போடுங்கள்.

(உ) ஏணியில் ஏறி வெறுங்கையால் உலோகத்தைத் தொடுங்கள். நாசில் வயரின் கிளிப்பை விமானத்தின் பெயின்ட் இல்லாத உலோகத்தில் மாட்டுங்கள். சில விமானங்களில் இறக்கையில் இதற்கென்றே சிறு பொருத்தும் துளை இருக்கும். கிளிப் மாட்ட இடமே இல்லை என்றால், மூடியிருக்கும் நிலையிலேயே நாசில் நுனியால் டேங்க் மூடியை நன்றாகத் தொட்டு எடுங்கள். அதன் பிறகே திறப்பது.

(ஊ) மூடியைத் திறந்து, நாசில் நுனியை டேங்க் வாயின் உலோக விளிம்பில் சாய்த்து வையுங்கள். நிரப்பி முடியும்வரை அந்தத் தொடுதல் விடக் கூடாது. கிளிப் மாட்டியிருந்தாலும் இதைச் செய்யுங்கள்; ஒன்று தவறினால் மற்றது பிடித்துக்கொள்ளும்.

கடத்தும் ஹோஸ்தானே, நாசில் வயர் எதற்கு என்று கேட்பார்கள். ஹோஸின் உள்ளே நடப்பது கண்ணுக்குத் தெரியாது. வெயிலில் காய்ந்து, மிதிபட்டு, வருடக்கணக்கில் உழைத்த ஹோஸை நம்பி வயரை விட்டுவிட முடியாது.

7. நிரப்புவது

முதலில் மெதுவாக. நாசில் நுனி திரவத்துக்குள் மூழ்கும்வரை நிதானமாகப் பம்பு செய்யுங்கள். உயரத்திலிருந்து கொட்டித் தெறிக்கும்போது மின்னேற்றமும் கூடும், ஆவியும் கூடும். நுனியை முடிந்தவரை உள்ளே இறக்கிப் பக்கச் சுவரோடு வழியவிடுங்கள். அடித்தட்டில் இடிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

ட்ரிகர் உள்ள நாசிலில் குச்சியைச் செருகி நெம்பிவைத்துவிட்டு வேறு வேலை பார்க்கும் பழக்கம் சில இடங்களில் உண்டு. அதை அன்றோடு நிறுத்த வேண்டும். கை விட்டதும் எரிபொருள் நிற்க வேண்டும் என்பதற்காகத்தான் ட்ரிகர் இருக்கிறது.

பம்பு அடிப்பவரும் நாசில் பிடிப்பவரும் இரண்டு பேராக இருப்பது நல்லது. மேலே இருப்பவர் ‘நிறுத்து’ என்றால் கீழே இருப்பவர் காரணம் கேட்காமல் நிறுத்த வேண்டும், முன்பே பேசிவைத்துக்கொள்ளுங்கள்.

172எஸ் மாதிரியில் இரண்டு டேங்கும் சேர்த்து 212 லிட்டர் வாக்கில் பிடிக்கும். காலியாக வந்தால் ஒரு பேரல் போதாது, நடுவில் பேரல் மாற்ற வேண்டிவரும். மாற்றும்போது டேங்கை மூடிவிட்டு, புதுப் பேரலுக்கு (ஆ) முதல் மறுபடி ஆரம்பியுங்கள். பழைய பேரலின் வயரை அப்படியே உருவிப் புதியதில் மாட்டிவிட்டுத் தொடர்வதுதான் இந்த வேலையில் நான் அதிகம் திருத்தும் தவறு.

8. அடுத்த இறக்கைக்குப் போகும்போது

வரிசை உடைவது பெரும்பாலும் இங்கே. ஒரு பக்கம் முடிந்ததும் ஆள் அவசரத்தில் நாசில் கிளிப்பைக் கழற்றிக்கொண்டு, சொட்டும் நாசிலோடு மறுபக்கம் ஓடுகிறார். பின்னால் டேங்க் மூடி திறந்தே கிடக்கிறது.

சரியான வரிசை: நாசிலை வெளியே எடுங்கள், டேங்கை மூடுங்கள், மூடி பூட்டியதா என்று இழுத்துப் பாருங்கள், பிறகு நாசில் கிளிப்பைக் கழற்றுங்கள். பேரலிலிருந்து விமானத்துக்குப் போகும் வயர் அப்படியே இருக்கட்டும். மறுபக்கம் ஏணியில் ஏறியதும் மறுபடி உலோகத்தைத் தொட்டு, நாசில் கிளிப்பை மாட்டி, அப்புறம் அந்தப் பக்க மூடி. போன பக்கம் தொட்டோமே என்பது கணக்கில் வராது. இறங்கி நடந்திருக்கிறீர்கள்.

9. கழற்றும் வரிசை

மாட்டியதற்கு நேர் எதிர். டேங்க் மூடி, நாசில் கிளிப், பம்பைக் கழற்றிப் பேரல் மூடி, அதன் பிறகு விமானத்தில் உள்ள கிளிப், கடைசியில் எர்த். எல்லா வாயும் மூடிய பின்பே பெரிய வயர்களைத் தொடுவது என்று நினைவு வைத்தால் போதும்.

எவ்வளவு நிரம்பியது என்று அளவுக்குச்சி விட்டுப் பார்க்க வேண்டுமானால், நாசிலை எடுத்து மூடிவிட்டு இரண்டு நிமிடம் காத்திருந்து திறங்கள். கடத்துதிறன் குறைந்த எரிபொருளில், மீட்டருக்கு 1 பிக்கோசீமன்ஸ் என்ற அளவில், மின்னேற்றம் குறைந்து மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் மட்டும் மிஞ்சுவதற்கே 18 வினாடி ஆகும். ஒரு நிமிடத்தில் பெரும்பகுதி போய்விடும். இரண்டு நிமிடம் நம் நிம்மதிக்கு. கையேடு கூடுதல் நேரம் கேட்டால் அதுதான் கணக்கு. மின்னேற்றத்தை வடிக்கும் மருந்து சேர்த்த எரிபொருளில் இது ஒரு வினாடிக்குள் முடிந்துவிடும், ஆனால் பேரலைப் பார்த்து அதைச் சொல்லிவிட முடியாது.

10. பவுசர் (எரிபொருள் டேங்கர்) வண்டி வந்தால்

வண்டிக்கு ஹேண்ட்பிரேக், சக்கரக் கட்டை, இன்ஜின் விதிகள் அந்தந்த நிறுவனத்தினுடையவை. நமக்கு வேண்டியது ஒன்றுதான்: ஹோஸை இழுக்கும் முன் வண்டியின் வயர் விமானத்தில் மாட்டியிருக்க வேண்டும், பிறகு நாசில் வயர், பிறகு மூடி. பம்பு வேகம் கைப்பம்பைவிடப் பல மடங்கு; கூடவே வடிகட்டியும் இருக்கிறது. அதனால் மின்னேற்றமும் அதிகம். ஆரம்ப வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

11. கேன், புனல், வாளி

மைக்ரோலைட் என்ற மிக இலகுவான குட்டி விமானம் வைத்திருப்பவர்கள் பெட்ரோல் பங்க்கில் கேனில் வாங்கி வந்து ஊற்றுவதைப் பார்க்கிறேன். ஆபத்து அதிகம் உள்ள முறை இதுதான், பெரும்பாலும் பிளாஸ்டிக்கால்.

பிளாஸ்டிக் கேனின் சுவரில் ஏறிய மின்னேற்றம் எந்தக் கிளிப் போட்டாலும் வராது. பிளாஸ்டிக் மின்சாரத்தைக் கடத்தாது. அதன்மேல் ஓர் உலோகப் புனலை வைத்தால் இன்னும் மோசம். எதோடும் சேராமல் தனியாக நிற்கும் உலோகம் மின்னேற்றத்தைச் சேர்த்துவைத்து ஒரே பொறியில் கொட்டும். உலோக வலை வைத்த பிளாஸ்டிக் புனலும் அப்படித்தான்.

உலோகக் கேன் வாங்குங்கள். பங்க்கில் நிரப்பும்போது வண்டியிலிருந்து இறக்கித் தரையில் வைத்து, நாசில் கேனின் வாயைத் தொட்டபடி நிரப்பச் சொல்லுங்கள். விமானத்தில் ஊற்றும்போது கேனுக்கும் விமானத்துக்கும் வயர், புனலுக்கும் விமானத்துக்கும் வயர். புனல் உலோகமாகவோ, எரிபொருளுக்கென்றே கார்பன் கலந்து செய்த கறுப்புப் புனலாகவோ இருக்கட்டும். கறுப்பாக இருப்பதெல்லாம் கடத்தாது, மீட்டர் வைத்துப் பார்த்து வாங்குங்கள். தண்ணீரைப் பிரிக்க ஷாமி என்ற மெல்லிய பதப்படுத்திய தோலில் வடிகட்டும் பழைய வழக்கத்தை விட்டுவிடுங்கள்; மின்னேற்றத்தைக் கூட்டுவதில் அது கெட்டிக்காரத் தோல்.

டேங்கிலிருந்து வாளியில் வடிக்கும்போதும் இதே வரிசைதான். உலோக வாளி, விமானத்தோடு வயர். வாளியை வடிகுழாயில் அதன் கைப்பிடியால் தொங்கவிடாதீர்கள். கைப்பிடியில் பிளாஸ்டிக் உருளை இருந்தால் வாளி தனியாக நிற்கிறது என்று அர்த்தம்.

12. கலப்புப்பொருள் விமானங்களும் ஜெட் ஏ-1-உம்

கண்ணாடியிழை, கார்பனிழை உடம்பில் எங்கே வேண்டுமானாலும் கிளிப் போட்டால் பயன் இல்லை. கையேடு சொல்லும் இடத்தில் மட்டும் மாட்ட வேண்டும். சிரஸ் எஸ்ஆர்22-இல் அது எக்ஸாஸ்ட் குழாய்: நாசில் வயரும் அதில், வண்டி வயரும் அதில்.

டீசல் இன்ஜின் உள்ள பயிற்சி விமானங்களில் ஜெட் ஏ-1 போடுகிறவர்கள், ‘இது மண்ணெண்ணெய் மாதிரிதானே, பற்றாது’ என்பார்கள். ஜெட் ஏ-1-இன் தீப்பற்றும் வெப்பநிலை குறைந்தபட்சம் 38 டிகிரி. மே மாதம் மதியம் வெயிலில் நின்ற இறக்கையில் கை வைத்துப் பாருங்கள், வைக்க முடியாது. உள்ளே இருக்கும் எரிபொருளும் 38-ஐத் தாண்டியிருக்கலாம். அந்த நேரத்தில் அதுவும் பெட்ரோல் போலத்தான். முன்பு ஏவ்கேஸ் இருந்த கேனிலோ டேங்கிலோ ஜெட் ஏ-1 ஊற்றினால் வெயில்கூடத் தேவையில்லை. அடர்ந்த பெட்ரோல் ஆவியை அது நீர்க்கச்செய்து, சரியாக எரியும் அளவுக்குக் கொண்டுவந்துவிடும்.

13. சிந்தினால், பற்றினால்

சிந்தினால் பம்பை நிறுத்தி டேங்கை மூடுங்கள். மாஸ்டர் ஸ்விட்சைத் தொடாதீர்கள், இன்ஜினைக் கிளப்பி நகர்த்தலாம் என்று நினைக்காதீர்கள். வயர்கள் இருந்த இடத்திலேயே இருக்கட்டும். சிந்தியதை உறிஞ்ச மணலோ உறிஞ்சுபொருளோ போட்டு, ஈரம் முழுக்கப் போனபின் மற்றது.

டேங்க் வாயில் பற்றிக்கொண்டால் நாசிலை உருவக் கூடாது. கை தானாக இழுக்கத்தான் பார்க்கும். இழுத்தால் எரியும் பெட்ரோல் இறக்கை மேலும் உங்கள் மேலும் சிதறும். ட்ரிகரை விடுங்கள், பம்பை நிறுத்தச் சத்தம் போடுங்கள், நாசிலை அப்படியே விட்டுவிட்டு இறங்கிக் காற்று வரும் பக்கம் விலகுங்கள். கீழே இருப்பவர் தீயணைப்பானைத் தீயின் அடிப்பகுதியை நோக்கி, ஓரத்திலிருந்து வீசிவீசி அடிக்க வேண்டும். ஒரு சிலிண்டரில் அடங்காவிட்டால் விமானத்தை விட்டுவிட்டு எல்லோரும் விலகிப் போய்விடுங்கள்.

உடையில் எரிபொருள் கொட்டிவிட்டால் அங்கேயே சட்டையைக் கழற்றாதீர்கள். நெருப்பும் மின்கருவிகளும் இல்லாத பக்கம் போய், உடையோடு தலையிலிருந்து தண்ணீரை ஊற்றி நன்றாக நனைத்த பிறகு கழற்றுங்கள். இதற்காகவே நிரப்பும் இடத்துக்கு அருகில் ஒரு டிரம் தண்ணீரும் சொம்பும் எப்போதும் வைத்திருக்கிறோம்.